துணி தரத்தைப் பார்த்து வருகிறது, உடம்பைப் பார்த்து அல்ல



1993இல் ஆரம்பித்த இலவசச் சீருடைத் திட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் துணியின் அளவு தரத்தைப் பொறுத்தது. தரம் 9இல் மெலிந்த பிள்ளைக்கும் பருமனான பிள்ளைக்கும் ஒரே அளவுதான். போதாவிட்டால் டெய்லர் இறுக்கித் தைத்துவிடுகிறார். அக்குள் இறுகிய சட்டையோடு அந்தப் பிள்ளை, விடை தெரிந்தாலும் வகுப்பில் கையை உயர்த்தக் கூசுகிறாள்.

அதற்கு மேல் "குண்டு" என்ற பட்டப்பெயர் வேறு. பெண்கள் பெண்களைக் கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் பெயர் சொல்லியே தடுக்கிறது. எந்த மார்க்கத்தவருக்கும் பொருந்துகிற புத்தி இது.

தாய்மாரே, "மெலிந்த பிறகு நல்லதாகத் தைப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வளர்கிற பிள்ளை, பட்டினி போடவும் வேண்டாம். இன்றைய உடம்புக்கு அளவெடுங்கள். பக்கத் தையலில் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் அரை மீற்றர் சேர்த்து வாங்குங்கள். முடியாத வீடுகளுக்குப் பழைய மாணவர்களும் பள்ளிவாசல், கோயில், சர்ச் சபைகளும் அந்த அரை மீற்றரைக் கொடுக்கலாமே. பெருநாள், தீபாவளி உடுப்புக்கும் இதே கதைதான். சட்டை பொருந்தாவிட்டால் குறை சட்டையில், பிள்ளையில் இல்லை.