பம்ப்பின் மீது பழி

பஞ்சாபில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் வைக்கோலை அள்ளி ஏற்ற வேண்டும். அப்போது பார்த்து டிராக்டரின் முன்புற லோடர் தூக்க மறுத்தால், உரிமையாளர் உடனே சொல்லிவிடுகிறார்: "பம்ப் போச்சு." பல ஆயிரம் ரூபாயில் புது பம்ப் வருகிறது. கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எல்லா அசைவும் மந்தமா, ஒன்று மட்டுமா? கை நன்றாகத் தூக்கி, பக்கெட் மட்டும் மடங்கத் திணறினால் பம்ப் நிரபராதி. இரண்டுக்கும் எண்ணெய் தருவது அதே பம்ப்தானே? அந்த சிலிண்டரையும் அதன் வால்வையும்தான் பார்க்க வேண்டும். லீவரைத் தொடாமலே கை மெல்ல இறங்குவதும் இதே ரகம்: தேய்ந்த பிஸ்டன் சீல், அல்லது கசியும் வால்வு.

எல்லாமே மந்தம் என்றால் முதலில் எண்ணெய். அளவு குறைவா? நுரைக்கிறதா? உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்து காற்று புகுந்தால் எண்ணெய் நுரைக்கும், பம்ப் ஊளையிடும். வண்டியை நிறுத்தி வைத்தால் நுரை அடங்கிவிடும். தண்ணீர் கலந்திருந்தால் பால் நிறம் எளிதில் போகாது. அடுத்தது அடைத்த ஃபில்டர். அதற்கும் அடுத்து, தூசி சிக்கி மூடாமல் நிற்கும் ரிலீஃப் வால்வு. பிரஷர் கேஜ் மாட்டாமல் இதன் திருகை முறுக்குவது சில பட்டறைகளின் கெட்ட பழக்கம், குழாய் வெடிக்கலாம். காலையில் நன்றாக வேலை செய்து, எண்ணெய் சூடேறியதும் சோர்ந்தால்தான் தேய்ந்த பம்ப் மீது நியாயமான சந்தேகம் வரும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 150 பார் அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 150 கிலோ. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் கையால் தடவித் தேடினால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது முள் குத்தியது போன்ற புள்ளி; வலிகூட முதலில் அதிகம் இராது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சமயத்தில் கையையே இழக்க நேரும். கசிவைத் தேட அட்டைத் துண்டு போதும். ஆனால் அதற்கு முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும். குழாயைக் கழற்றுவதானால் இன்ஜினை நிறுத்தி, லீவரை இருபுறமும் அசைத்து, மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றிய பிறகுதான்.