கலெக்டர் ஆகாவிட்டால்?

மயிலாப்பூர், தி.நகரில் பட்டம் வாங்கிய பிள்ளையைக் கேட்டால் ஒரே பதில்: "ஐ.ஏ.எஸ். எழுதறேன்." நல்லதுதான். ஆனால் பொதுப் பிரிவுக்கு 6 தடவை, 32 வயசு. பிற்பட்டோருக்கு 9 தடவை, 35 வயசு. அதற்குள் தேறாதவர் கதி? படித்த பொருளாதாரமெல்லாம் பரணுக்கு! அப்பாவின் பென்ஷன் பணமும் அதோடு போச்சு.

அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. யுனெஸ்கோவில் பெரிய பதவி வகித்த மால்கம் ஆதிசேஷய்யா 1971-ல் தொடங்கியது. விவசாயம், கூலி, கல்வி பற்றி ஆராய்ந்து அங்கே டாக்டர் பட்டம் வாங்கலாம். சர்க்கார் திட்டம் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கணக்குப் பார்க்கவும் ஆள் வேண்டாமா?

அதற்கு வெறும் பி.ஏ. போதாது, எம்.ஏ. வேண்டும். கோச்சிங்குக்குக் கொட்டிக் கொடுக்கும் பெற்றோர் இதை முதல் தடவை எழுதும்போதே யோசிக்கட்டும். ஆறாவது தடவைக்கு அப்புறம் அல்ல.