கவுன் போடப் போகும் பிள்ளைகளுக்கு

சட்டக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு வழியனுப்பு விழாக்கள் தொடங்கிவிட்டன. மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் வென்ற கோப்பைகளோடு பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை மனமார வாழ்த்துகிறோம். வழக்கறிஞர்களாகிய நம் பொறுப்பு அதற்கு மறுநாள் தொடங்குகிறது.

1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நெடுங்காலம் இயங்கியது. வகுப்பு முடிந்தால் கோர்ட் ஹாலின் கடைசி வரிசையில் நின்று வாதம் கேட்கலாம். நீதிபதி கேள்வி கேட்கும்போது சீனியர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதில் பிடிவாதமாக நிற்கிறார் என்பதைப் பாடநூல் சொல்லித் தராது. 2018-இல் கல்லூரி பட்டரைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் போய்விட்டது. இடவசதி பெருகியது, அந்தக் கடைசி வரிசை கைவிட்டுப் போனது. அதை இனி சீனியரின் ஆபீஸில்தான் கற்க வேண்டும்.

நீதிபதி தேர்வுக்கு நேராகப் போக நினைத்தவர்களும் இப்போது நம்மிடம்தான் வருவார்கள். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2024-இல் சொன்னதால் வாசல் ஓரளவு திறந்திருக்கிறது. உள்ளே வந்தபின் அந்த மூன்றாண்டும் எதை வைத்துச் சாப்பிடுவது?

சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2024 ஜூனில். "நாங்கள் காசு வாங்காமல்தானே தொழில் கற்றோம்" என்ற பதில் இன்னும் நம் பார் ரூம்களில் கேட்கிறது. அப்படிக் கற்க முடிந்தது, பின்னால் ஒரு வீடு தாங்கியவர்களுக்குத்தான். விவசாயக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இதே சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த பி. சதாசிவம் 2013-இல் இந்தியத் தலைமை நீதிபதியானார். அத்தகைய பிள்ளைகளை வாடகைக்கும் பஸ் கட்டணத்துக்கும் பணமில்லாமல் இழப்பது நம் தொழிலுக்கே நட்டம்.

தாலுகா நீதிமன்றங்களில் தொழில் செய்யும் பல சீனியர்களுக்கு 15,000 ரூபாய் பாரம்தான், மறுக்கவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொள்ளலாம். சங்கங்கள் முன்னின்று அதற்கு ஏற்பாடு செய்யலாம். கேஸ் கட்டைத் தூக்கவும் வாய்தா வாங்கவும் மட்டும் அனுப்பாமல், முதல் ஆண்டிலேயே ஒரு சாட்சியையாவது விசாரிக்க விடுங்கள். முதல் மாதச் சம்பளத்தை அந்தப் பிள்ளை வாய்திறந்து கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.