படம் வரைந்தவர் யார்?

கதையை எழுதியவர் யார் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கதைக்குப் படம் வரைந்தவர் யார் என்று கேட்பவர் சிலரே. சிறுவர்க்குரிய படக்கதைகளில் இப்புறக்கணிப்பு பெரும் அநீதியாகவே எனக்குத் தோன்றுகின்றது. ஏனெனில் அங்கே கதையின் பெரும்பகுதியைச் சொல்வது எழுத்தன்று, கோடே ஆகும்.

தோளிலே பிணத்தைச் சுமந்து, கையிலே வாள் ஏந்திச் சுடுகாட்டு வழியே நடந்து செல்லும் விக்கிரமனின் படத்தை உங்கள் பாட்டனாரிடம் காட்டிப் பாருங்கள். அவர் உடனே ‘அம்புலிமாமா’ என்பார். 1947-ஆம் ஆண்டில் நாகிரெட்டியாரும் சக்கரபாணியாரும் தொடங்கிய அச்சிறுவர் இதழில் அப்படத்தை வரைந்தவர் சங்கர். கே. சி. சிவசங்கரன் என்பது அவரது முழுப் பெயர். 1924-இல் காரத்தொழுவு என்னும் சிற்றூரில் பிறந்து, சென்னையில் அரசினர் கலைப்பள்ளியில் பயின்று, ‘கலைமகள்’ இதழில் பணியாற்றிய பின் அவர் அம்புலிமாமாவுக்கு வந்தார். அப்படத்தை உற்று நோக்குங்கள். தோளின் சுமை கனமானது என்பதை அரசனின் உடல் வளைவு சொல்கின்றது. அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதைக் கால் சொல்கின்றது. இவ்விரண்டையும் ஒரே உருவத்தில் காட்டுதல் எளிதன்று. பல்லாண்டுகள் சிறுவருக்காகவே வரைந்த அம்முதியவர் 2020 செப்டம்பரில் தமது 96-ஆம் வயதில் மறைந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. விருது வந்தது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இனி, சிறுவரே வீரராக வரும் படக்கதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1984-இல் ‘பவர் பேக்’ என்றொரு படக்கதை வரிசை தோன்றிற்று. அலெக்ஸ், ஜூலி, ஜாக், கேட்டி என்னும் உடன்பிறந்தார் நால்வர். மூத்தவனுக்கு வயது 12, கடைக்குட்டிக்கு 5. வேற்றுலகத்து உயிர் ஒன்று இறக்கும் தறுவாயில் தன் வியத்தகு ஆற்றல்களை இவர்களுக்கு வழங்கிச் செல்கின்றது. ஒருவர் பறப்பார், ஒருவர் பொருள்களின் எடையை நீக்குவார். பெற்றோருக்கோ இஃது ஒன்றும் தெரியாது. கதையை எழுதியவர் லூயிஸ் சைமன்சன் அம்மையார். உருவங்களைப் படைத்து வரைந்தவர் ஜூன் பிரிக்மன் அம்மையார்.

பிரிக்மன் அம்மையாரின் சிறப்பு யாது? அவர் குழந்தைகளைக் குழந்தைகளாகவே வரைந்தார். கேட்பதற்கு இஃது எளிய செய்தியாகத் தோன்றும். வளர்ந்தவரின் உயரம் அவர்தம் தலையைப்போல் ஏழு அல்லது ஏழரை மடங்கு இருக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் உயரமோ ஐந்து அல்லது ஆறு மடங்குதான். கழுத்து மெல்லியது, தோள் குறுகியது, கன்னம் உருண்டது. இவ்வளவை அறியாத ஓவியர், பெரியவரையே சுருக்கி வரைந்து அதற்குக் குழந்தை என்று பெயரிடுவர். நம் நாட்டுச் சுவர்விளம்பரங்களிலும் இத்தகைய குட்டிப் பெரியவர்களைக் காணலாம். பிரிக்மன் வரைந்த கேட்டியோ, உலகைக் காக்கும் நேரத்திலும் ஐந்து வயதுச் சிறுமியாகவே நிற்கின்றாள். அதனாலேதான் அவளுக்கு வரும் இடரைக் கண்டு நம் நெஞ்சம் பதைக்கின்றது. அவ்வரிசை 62 இதழ்களுடன் 1991-இல் நின்றுவிட்டது. அதன் படங்களைப் போற்றுவோர் இன்றும் உளர்.

பிரிக்மனின் பெயர் அவ்விதழ்களில் அச்சாயிற்று. எல்லா ஓவியர்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து ‘முத்து காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கியபொழுது, அதன் முதல் வீரர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறையும்; இரும்புக் கை மட்டும் புலப்படும். வெற்றிடத்தில் ஒரு கையை மட்டும் வரைந்து, அங்கே ஓர் ஆள் நிற்கின்றான் என்று நம்பவைத்த ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஜேசூஸ் பிளாஸ்கோ ஆவார். இவரே 1935-இல் ‘கூட்டோ’ என்ற சிறுவனை வீரனாக்கிப் படக்கதை படைத்தவர். ஆனால் மாயாவியின் கதையை முதலில் வெளியிட்ட ஆங்கில வார இதழ் ஓவியர் பெயரை அச்சிடவில்லை. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்களின் பொது வழக்கம் அது. 1977-இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ என்னும் இதழ்தான் அவ்வழக்கத்தை மாற்றத் துணிந்தது. கையொப்பமற்ற பக்கங்களில் கோட்டின் போக்கைக் கொண்டே ஓவியரை இனங்கண்ட வாசகர்களும் உண்டு. அத்தகைய வாசகரை நான் புலவருக்கு நிகராகவே மதிக்கின்றேன்.

கலசப்பாக்கத்திலும் ஆரணியிலும் தறியொலி கேட்டு வளரும் மாணவர்க்கு இச்செய்தியை விளக்க வேண்டுவதில்லை. பட்டுச்சேலையின் முந்தியில் மயில் ஒன்று தோகை விரிக்கின்றது. அம்மயிலை முதலில் ஒருவர் கட்டத்தாளில் வரைந்தார். அதன்படி மற்றொருவர் அட்டைகளில் துளையிட்டார். அவ்வட்டைகள் கோக்கப்பெற்று ஜக்கார்டு பெட்டியில் ஏறிய பின்னரே, நெசவாளர் நாடாவை ஓட்டி மயிலைப் பட்டில் எழுப்பினார். சேலையை வாங்குவோர் கடையின் பெயரைக் கேட்கின்றனர், விலையைக் கேட்கின்றனர். மயிலை வரைந்தவரும் நெய்தவரும் யாவர் என்று கேட்பதில்லை. உங்கள் தந்தையின் பெயரும் அம்முந்தியில் இல்லை அன்றோ?

படக்கதை படித்தால் பிள்ளைகள் கெடுவர் என்று கூறும் பெரியோரும் உளர். நூல் படிக்கும் பழக்கம் குறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். படங்களை விரைந்து புரட்டித் தள்ளுவோர்க்கு அவ்வச்சம் பொருந்தும். நின்று நோக்குவோர்க்குப் பொருந்தாது. ஒரு பக்கத்தின் எழுத்துகளைத் தாளால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள். யார் அஞ்சுகின்றார், யார் பொய் கூறுகின்றார், அடுத்து நிகழப்போவது யாது என்பன விளங்குகின்றனவா? விளங்கினால் அவ்வோவியர் தேர்ந்தவர். பின்னர் பக்கத்தின் மூலையில் அவர் கையொப்பம் இருக்கின்றதா என்று தேடுங்கள். இல்லையெனில் ஓர் அஞ்சலட்டை வாங்கி, அப்படத்தை வரைந்தவர் யார் என்று இதழாசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.