நோய்க்குப் பெயர் சூட்டுவது யார்?



தூத்துக்குடியிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடகிழக்காகச் சென்றால், கீழக்கரையை அடையுமுன் ஏர்வாடி வரும். அவ்வூரின் பெயரைக் கேட்டதும் தர்கா நினைவுக்கு வருவது போலவே, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன் அங்கு நிகழ்ந்த கொடுமையும் நம் நினைவுக்கு வரவேண்டும். மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர்.

இத்தகைய காப்பகங்களில் நோயாளிகளைக் கொண்டுபோய் விடுபவர்கள் பகைவர்கள் அல்லர். பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தாருமே. 'பேய் பிடித்திருக்கிறது', 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று அண்டை அயலார் சொல்லும் பெயரே நோயின் பெயராகிவிடுகிறது. பெயர் பிழையானால் மருத்துவமும் பிழையாகும். சங்கிலி கூட மருந்தாகத் தோன்றும்.

அப்படியானால் சரியான பெயரைச் சூட்டுவது யார்? எவ்வாறு?

இதற்கென மருத்துவ உலகில் வகுக்கப்பட்ட நெறிகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை நோயை இரத்தத்தில் காண்பது போல மனநோயைக் கண்டுவிட முடியாது. ஆகவே மருத்துவர் பொறுமையாகக் கேட்டறிகிறார். அறிகுறிகள் யாவை? எத்தனை நாட்களாக? உறக்கம், உணவு, தொழில், குடும்பப் பொறுப்பு ஆகியவை எவ்வளவு குலைந்துள்ளன? தைராய்டுக் கோளாறோ போதைப் பழக்கமோ காரணமா? இவற்றை ஆராய்ந்த பின்னரே முடிவு கூறுகிறார்.

கணவரை இழந்த பெண் அழுவது நோயன்று. ஆனால் நாள் முழுதும் மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, உறக்கமின்மை என இரு வாரங்களுக்கு மேல் ஒருவர் துன்புற்றால் மருத்துவரைக் காணவேண்டும். ஒளுச் செய்கையில் ஐயம் தோன்றி மீண்டும் ஒருமுறை கழுவுவது மனித இயல்பு. தொழுகை நேரமே கடந்துபோகுமளவு கழுவிக்கொண்டிருப்பவரைப் 'பேணுதல் மிக்கவர்' என்று புகழாதீர்கள். 'ஷைத்தானின் வஸ்வாஸ்' என்று ஏசவும் வேண்டாம். அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் இயற்றினார். துயரத்தைக் காரணம் தெரிந்தது, தெரியாதது என இரண்டாகப் பிரித்து, பின்னதற்கு உடலில் வேர் இருக்கும் என்றார். வஸ்வாஸையும் தனியே ஆராய்ந்தார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்துள்ளது. சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு மதிப்பீடுகளுக்கோ சமய நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாத காரணத்தால் ஒருவரை மனநோயாளி என முடிவு செய்யக்கூடாது என்றும் அது கூறுகிறது. பிடிவாதக்காரப் பிள்ளைக்கும் வாய்ப்பேச்சு மிகுந்த மருமகளுக்கும் 'கிறுக்கு' என்று பெயர் சூட்டுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

துஆவை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு வழிகாட்டியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். விபத்துக்குப் பின்னாளில் ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்கே துஆவுடன் மருந்தும் கிடைக்க அரசு வழிசெய்தது. ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், மருத்துவரிடமும் அனுப்பட்டும்.

'வெளியே தெரிந்தால் பெண்ணின் சம்பந்தம் தவறிவிடுமே' என்று மறைப்பவர்களே! மறைத்த நோய் மறைந்துவிடுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். தயக்கமாயிருந்தால் 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணுக்குக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் நமக்குப் பொறுமையையும் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.