நான்குக்கும் நாலரைக்கும் இடையே

2023 ஏப்ரலில் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, பள்ளிப் படிப்பையும் கிரெடிட் கணக்கிற்குள் கொண்டுவந்தது. ஓராண்டுக் கல்விக்கு 1,200 மணிநேரம். அதற்கு 40 கிரெடிட். அதே ஆவணத்தின்படி பன்னிரண்டாம் வகுப்பு நிலை 4. இளநிலைப் பட்டத்தின் முதலாண்டு நிலை 4.5. ஆகவே பள்ளியில் ஈட்டிய கிரெடிட் வங்கியில் வரவாகுமே தவிர, மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டில் அதற்கு இடமில்லை. கணக்குப் புத்தகத்தில் காணலாம், எடுத்துச் செலவழிக்க இயலாது.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைப் பட்டப்படிப்புக்கு ஈடாகக் கொள்ள வேண்டும் என்பதன்று என் வாதம். பள்ளியில் இருக்கும்போதே அப்பாடத்தைத் தாண்டிப் படித்தவரைப் பற்றியே பேசுகிறேன். என் துறையிலிருந்தே சொல்கிறேன். பாணினி மொழியியல் ஒலிம்பியாடுக்குத் தயாராகும் பள்ளி மாணவர்கள், முன்பின் அறியாத மொழியொன்றின் தரவிலிருந்து உருபன்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒலிமாற்ற விதிகளைத் தாமே கண்டறிகிறார்கள். அவர்களுள் ஒருவர் மொழியியல் பட்டப்படிப்பில் சேர்ந்தால், முதற்பருவத்தில் உருபன் என்பதன் வரையறையை மனப்பாடம் செய்து எழுத வேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவர், பொறியியலின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். பதினாறு வயதில் தொடங்கிய படிப்பைப் பட்டத்தின் ஓராண்டுக்கு ஈடாக ஏற்பதில் எவருக்கும் நெருடல் இல்லை. கலை, அறிவியல் படிப்புகளுக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்?

அமெரிக்காவில் 1950களிலிருந்து நடைபெறும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் முறையை அப்படியே இங்கு நட வேண்டியதில்லை. அங்கே 1 முதல் 5 வரை மதிப்பெண். எத்தனைக்குக் கிரெடிட் தருவது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் முடிவுசெய்கிறது. ஆனால் உயர்நிலைப் பாடங்களை நடத்த வசதியுள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கே அது பெரிதும் பயன்படும். நம் நாட்டில் அந்த இடைவெளி இன்னும் அகலம். எனவே, எங்கே படித்தார் என்று கேட்காமல், என்ன தெரியும் என்று மட்டும் கேட்கும் முறை வேண்டும். சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில், முதற்பருவ இறுதித் தேர்வுக்கு நிகரான வினாத்தாளைக் கல்லூரியே விரும்புவோருக்குத் தரட்டும். தேறியவருக்கு அத்தாளுக்குரிய கிரெடிட்; தேறாதவர் வழக்கம்போல வகுப்பில் அமரலாம், மதிப்பெண் பட்டியலில் அந்த முயற்சியின் தடயமே இருக்கலாகாது. ஸ்வயம் தளத்தில் படித்த அரசுப்பள்ளி மாணவிக்கும் அந்த வாய்ப்பு சமமாகக் கிட்டும்.

மாணவர் குறைந்தால் பணியிடமும் குறையும் என்னும் ஆசிரியர்களின் அச்சம் வெற்று அச்சமன்று. கௌரவ விரிவுரையாளர்களின் தலையில்தான் அது முதலில் விழும். ஆகவே விலக்குப் பெற்ற மாணவர் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்த நான்கு கிரெடிட்டுக்கு ஈடாக, மேற்பருவப் பாடமொன்றையோ களப்பணியையோ அதே துறையிலேயே எடுக்க வேண்டும். துறையின் மொத்தப் பாடவேளை குறையாது. பட்டத்தின் காலத்தைச் சுருக்குவது பற்றி இப்போதைக்குப் பேச வேண்டியதில்லை.