எக்ஸ்-ரே நார்மல்... முட்டி நார்மலா?

இன்டர்-காலேஜ் மேட்ச். பந்தோட சட்டுனு திரும்பும்போது முட்டிக்குள்ள ‘டொப்’புனு ஒரு சத்தம். ராத்திரிக்குள்ள பன் மாதிரி வீங்கிடுது. எக்ஸ்-ரே எடுத்தா, “எலும்புக்கு ஒண்ணுமில்லப்பா”ங்கிறாங்க. சில வாரத்துல வலியும் குறைஞ்சுடுது. “மச்சி, நான் ரெடி!”

கொஞ்சம் இருங்க பாஸ்.

ஸ்வீடன்ல, ஃபுட்பால் ஆடி முழங்கால் ஜவ்வு கிழிஞ்ச பெண்களை 12 வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சாங்க. 2004-ல் வெளியான ஆய்வு. அப்போ அவங்களோட சராசரி வயசு வெறும் 31. எக்ஸ்-ரே எடுத்த 67 பேர்ல 34 பேருக்கு மூட்டுத் தேய்மானம்! தாத்தா பாட்டி சமாச்சாரம்னு நாம நினைச்சுட்டு இருக்கிறது, முப்பது வயசுலயே.

ஆரம்பத்துலயே ஏன் தெரியறதில்லை? எலும்பு முனையில வழவழன்னு ஒட்டியிருக்கிற குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. தேய்ஞ்சாலும் அதுக்கு வலிக்கத் தெரியாது. ரத்தக் குழாயும் இல்லாததால, சேதமானா லேசுல சரியாகாது. எக்ஸ்-ரேயில அது விழவும் விழாது. ரெண்டு எலும்புக்கு நடுவுல இடைவெளி குறைஞ்சிருக்கானு பார்த்துத்தான் டாக்டர் யூகிக்கிறார். இடைவெளி குறையற அளவுக்குப் போயிட்டா, அது ஆரம்ப நிலையே இல்லை.

அதனாலதான் விஞ்ஞானிகள் என்சைம் பக்கம் திரும்பினாங்க. குருத்தெலும்புங்கிறது ஒரு பின்னல். கொலாஜன்தான் நார், நடுவுல தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அக்ரிகன். அடிபட்டதும் குருத்தெலும்போட சொந்த செல்களே கத்தரிக்கோல் என்சைம்களை அதிகமா விட ஆரம்பிக்குது. எம்எம்பி-13 கொலாஜனை நறுக்கும். ஏடம்டிஎஸ்-5 அக்ரிகனை நறுக்கும். 2005-ல இந்த ஏடம்டிஎஸ்-5 வேலை செய்யாத எலிகளோட மூட்டைச் சோதிச்சப்போ, குருத்தெலும்பு பெருமளவு தப்பிச்சது. கூட இருந்தே குழி பறிக்கிறது யார்னு தெரிஞ்சுபோச்சு!

நறுக்கின கொலாஜன்ல ஒரு துண்டு, பேரு சிடிஎக்ஸ்-2, ரத்தம் வழியா யூரின்ல வந்துடும். முட்டிக்கு யூரின் டெஸ்ட்! கேட்க சூப்பர்தான். ஆனா அந்தத் துண்டு முட்டியில இருந்து வந்ததா, இடுப்புல இருந்தா, முதுகெலும்புல இருந்தானு அட்ரஸ் எழுதி ஒட்டியிருக்காதே. காலையில ஒரு அளவு, சாயங்காலம் வேற அளவு. கூட்டமா பல பேரை ஒப்பிட்டு ஆராய இது உதவும். உங்க ஒரு முட்டிக்குத் தீர்ப்பு சொல்லப் பத்தாது.

அட்ரஸ் சொல்றது எம்ஆர்ஐ. அதுல ‘டிஜெம்ரிக்’னு ஒரு டெக்னிக் இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். ஆரோக்கியமான குருத்தெலும்புல நெகடிவ் சார்ஜ் நிறைய இருக்கும். நெகடிவ் சார்ஜ் உள்ள ஒரு மருந்தை நரம்புல ஏத்தி, கொஞ்சம் நடக்கவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஸ்கேன் பண்ணுவாங்க. நல்ல இடம் மருந்தைத் தள்ளிவிடும். கெட்ட இடத்துல அது உள்ளே புகுந்துடும். தடிமன் குறையறதுக்கு முன்னாடியே ஓட்டை தெரிஞ்சுடும். ஊசியே இல்லாம, தண்ணி, நார் எல்லாம் எப்படி மாறியிருக்குனு பார்க்கிற டி2 மேப்பிங்கும் இருக்கு. ரெண்டும் பெரும்பாலும் ஆராய்ச்சியிலதான். மூலை ஸ்கேன் சென்டர்ல கேட்டா முழிப்பாங்க.

கண்டுபிடிச்சு என்ன பண்றது? நியாயமான கேள்வி. ஏடம்டிஎஸ்-5-ஐ அடக்க வந்த மாத்திரை ஒண்ணு, 2020-ல் வந்த சோதனை முடிவுல ஃபெயில். தேய்மானத்தை நிறுத்தும்னு அங்கீகாரம் வாங்கின மருந்து இதுவரை எதுவும் இல்லை. இப்போதைக்குக் கையில இருக்கிறது தொடைத் தசைக்கான பிசியோதெரபிதான். வலி போனதும் நாம முதல்ல கட் அடிக்கிறதும் அந்த கிளாஸைத்தான்!